கொம்பு எத்தனை வேணும் மருமவனே?

மருமவனே, நீரு கெட்டிக்காரர்ங்கதுல எனக்கு என்னைக்கும் சந்தேகம் வந்தது கெடையாது. ஏதோ ஒரு ஆபீசுல கழிச்சுப் போட்ட டெஸ்க்டாப்ப, மவ படிக்கட்டும்னு குறைஞ்ச வெலைக்கு வாங்கியாந்தீரு, நல்ல காரியம். அதுல வைஃபை கெடையாதுங்கது வீட்டுல கொண்டாந்து சுவிட்சப் போட்ட பொறவுதான் உமக்குத் தெரிஞ்சுது, அதுவும் போவட்டும். இப்ப, ‘நாலு கொம்பு வச்ச அடாப்டர் மாமா, 1900னு பெருசா எழுதியிருக்கு, ஆர்டர் போடப் போறேன்’னு போனை நீட்டிக்கிட்டு நிக்கீரு பாரும், அங்கதான் எனக்கு உம்ம மேல பாசம் பொங்கிட்டு வருது. போடும். தாராளமாப் போடும். ரூவா உம்ம ரூவா. அந்தப் பட்டனை அமுக்கதுக்கு முன்னால இங்கன செத்த உக்காரும், அத்தை கருப்பட்டிக் காப்பி போடுதா.

நான் டெலிபோன் டிப்பார்ட்மெண்டுல போஸ்ட் ஏறுனவன். 2000 அக்டோபருக்கு முன்னால அது டிப்பார்ட்மெண்டு, பொறவு பி.எஸ்.என்.எல்.; ஏறுனது என்னமோ அதே போஸ்ட்தான். கம்பி இல்லன்னா பேச்சே இல்லன்னு இருந்தவன்கிட்ட வந்து கம்பி இல்லாத சாமானுக்கு யோசனை கேக்கீருன்னா, ஊருல உமக்கு யோசனை சொல்ல மிச்சம் இருந்த ஆளெல்லாம் கையக் கழுவிட்டான்னு அர்த்தம். ஆனாலும் சொல்லுதேன். சொல்லாட்டா உங்க அம்மை என்னைச் சும்மா விடமாட்டா.

மொதல்ல அந்த 1900. அதை நீரு வேகம்னு நெனைச்சுட்டீரு. நெனைக்கணும்னுதான் அவனும் அவ்வளவு பெருசா எழுதியிருக்கான். வைஃபைக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ்னு ஒரு பாதை, 5 கிகாஹெர்ட்ஸ்னு ஒரு பாதை. பொட்டியில போட்டிருக்கது ரெண்டு பாதையோட உச்ச வேகத்தையும் கூட்டிப் போட்ட நம்பரு. ஏசி 1900ன்னா 600ம் 1300ம். ஏசி 1200ன்னா 300ம் 867ம் கூட்டி, கைக்கு அடக்கமா உருட்டினது. ஏசி 600ன்னா 150ம் 433ம். ஏஎக்ஸ் 1800ன்னா 574ம் 1201ம். உம்ம கம்ப்யூட்டர் ஒரு நேரத்துல ஒரு பாதையிலதான் போவும். உம்ம சம்பளத்தையும் எதுத்த வீட்டுத் தாசில்தார் சம்பளத்தையும் கூட்டி, இதுதான் நம்ம வருமானம்னு பொஞ்சாதிகிட்டச் சொல்லிப் பாரும். அவ ரெட்டைவடச் சங்கிலி கேப்பா. தாசில்தார் வந்து எடுத்துக் குடுக்கப் போறாரா?

அந்த ஒத்தப் பாதை நம்பரும் காயிதத்துல உள்ள நம்பர்தான். அடாப்டரும் ரூட்டரும் தங்களுக்குள்ள ஒத்துக்கிட்ட வேகம் அது. அதுல பாதிக்குச் செத்த மேல கையில வந்து சேந்தா, உம்ம வீடு நல்ல வீடு. மிச்சம் பூரா ‘நான் பேசட்டா, நீ பேசுதியா, கேட்டுச்சா, கேட்டுச்சு’ன்னு இதுக ஒண்ணுக்கொண்ணு மரியாதை பண்ணிக்கிடுததுலயே போயிரும். ஒரே அலையில ஊரே பேசுதுல்லா, முறை வச்சுத்தான பேசணும்.

கொம்புக் கணக்குக்கு வாரேன். நாலு கொம்பு இருந்தா நாலு பங்கு வேகம்னு உமக்கு யாரு சொன்னா? கணக்கு கொம்புல இல்ல, உள்ள எத்தனை ஸ்ட்ரீம், அதாவது ஒரே நேரத்துல எத்தனை தனி ஓட்டம், ஓடுதுங்கதுல இருக்கு. ஸ்ட்ரீமும் உம்ம பக்கம் மட்டும் இருந்தாப் பத்தாது, ரூட்டர் பக்கமும் அத்தனை இருக்கணும். வீட்டுக்குக் குடுக்க ரூட்டர் பெரும்பாலும் ரெண்டு ஸ்ட்ரீம்தான். அந்த 1300 வேணும்னா மூணு ஸ்ட்ரீம் ஓடணும். ரெண்டு ஸ்ட்ரீம் ரூட்டருக்கு முன்னால அது 867னு அடங்கி உக்காந்துரும். மிச்சக் கொம்புல துணி காயப் போடலாம்.

சரி, உம்ம வீட்டு லைன் எவ்வளவு? 100 மெகாபிட் பிளான். பாரும், இதைச் சொல்லதுக்கே உமக்குப் பில்லைத் தேட வேண்டியிருக்கு. 100 வரக்கூடிய குழாய்க்கு 1900 என்னத்துக்கு மருமவனே?

அதுக்காக நானூறு ஐநூறு ரூவாய்க்கு, விரல் நகத்தளவுக்கு ஒரு குச்சி விக்கான் பாத்தீரா, என் 150னு, அதை வாங்கிட்டு வந்து மாமாதான் சொன்னாருன்னு என் பேரைக் கெடுக்காதீரும். அதுக்கு 2.4 பாதை ஒண்ணுதான் தெரியும். அந்த 150ம் பாதையை ரெட்டை அகலத்துக்கு, 40 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு விட்டாத்தான் வரும். சுத்திப் பத்து வீட்டு ரூட்டர் கத்துத நம்ம தெருவுல உம்ம ரூட்டர் மரியாதையா 20க்குச் சுருங்கிக்கிடும். அப்ப அந்தக் குச்சிக்குக் கெடைக்கது 72. அந்த 72ல கைக்கு வாரது நாப்பதோ அம்பதோ. 100க்குக் காசு கட்டிட்டு அம்பதைப் பாத்துக்கிட்டு, கேபிள்காரத் தம்பியப் போன்ல ஏசிக்கிட்டுக் கெடப்பீரு. அவன் பாவம்.

அந்தத் தம்பி உம்ம வீட்டுச் செவத்துல ஒரு வெள்ளப் பொட்டி மாட்டிட்டுப் போனான்ல, ஓஎன்டின்னு, அதோட முதுகைத் திருப்பி என்னைக்காவது பாத்தீரா? பல்லி பாத்திருக்கும். அதுல ஒத்தப் பாதையா ரெட்டைப் பாதையாங்கதுதான் இந்தச் சமாச்சாரத்துலயே பெரிய கேள்வி. ஒத்தப் பாதைப் பொட்டின்னா 2.4 மட்டும்தான், நீரு வெள்ளிக் கொம்பு வச்ச அடாப்டர் வாங்கினாலும் அந்த நெருக்கடியிலதான் போய் நிக்கணும். கண்டுபிடிக்கது லேசு. போன்ல வைஃபை பட்டியலைத் தெறந்து பாரும். உம்ம வீட்டுப் பேரு ரெண்டு தடவ வந்து, ஒண்ணோட வால்ல 5ஜின்னு இருந்தா ரெட்டைப் பாதை. அந்த 5ஜி வேற, சிம் கார்டுக்காரன் விக்க 5ஜி வேற, ரெண்டையும் போட்டுக் கொழப்பிக்கிடாதீரும். ரெண்டுக்கும் ஒரே பேரு வச்சிருந்தா, பொட்டி முதுகுல ஒட்டியிருக்க சீட்டைப் படியும். ஒத்தப் பாதைன்னு தெரிஞ்சா, அடாப்டருக்கு வச்சிருக்க காசுல கொஞ்சத்தைத் தம்பிகிட்டக் குடுத்து ரெட்டைப் பாதைப் பொட்டியா மாத்தித் தரச் சொல்லும். வீட்டுல உள்ள அத்தனை போனுக்கும் சேத்துப் புண்ணியம்.

2.4ல ஏன் இவ்வளவு நெருக்கடின்னு கேளும். 2005ல நம்ம சர்க்காரு, கொறஞ்ச சக்தியில ஓடுத சாமான்னா இந்தப் பட்டையில லைசென்சு வேண்டாம்னு விட்டுட்டாவ. புளூடூத்து அங்க, கம்பியில்லா மவுசு அங்க, மைக்ரோவேவ் அடுப்பு அங்க, பழைய ரூட்டர் பூரா அங்க. பாதை என்னமோ சின்னது. ஒண்ணை ஒண்ணு இடிக்காமப் போவணும்னா 1, 6, 11னு மூணே மூணு சேனல்தான். 5ல எடம் தாராளம். 2018ல அதையும் வீட்டுக்குள்ள வெளியன்னு பாக்காம அவுத்து விட்டாவ. ஆனா 5க்கு ஒரு கொணம்: செவரு ஏறிக் குதிக்கத் தெரியாது. ஒரு செவரு தாண்டும், ரெண்டாவது செவத்துல தளந்துரும், மூணாவதுல படுத்துரும்.

இப்ப உம்ம கம்ப்யூட்டர் இருக்க எடத்துக்கு வாரேன். மாடிப்படிக்கு அடியில. அருமையான எடம். ஒரு பக்கம் இரும்புப் பீரோ, ஒரு பக்கம் செவரு, தலைக்கு மேல கம்பி கட்டுன காங்கிரீட்டு. சிபியு பொட்டி தரையில, முதுகு செவத்தை ஒட்டி. அந்த முதுகுல போய் ஒரு குச்சியச் செருகுனா, முன்னால தகரம், பின்னால செவரு. அலை எந்த வழியா வரணும்ங்கீரு? உம்மகிட்டக் கடன் குடுத்தவன் கூட உம்ம அங்கன கண்டுபிடிக்க முடியாது.

அதனால காசு செலவில்லாத ஒரு சோதனை சொல்லுதேன், கடைக்காரன் யாரும் உமக்குச் சொல்ல மாட்டான். உம்ம போனை வீட்டு வைஃபையில, 5 பாதையில போட்டுக்கிட்டு, அந்த மாடிப்படிக்கு அடியில அடாப்டர் எங்க வருமோ அங்கனயே வச்சு ஸ்பீடு டெஸ்ட் எடும். கையில பிடிச்சு நின்னுக்கிட்டு எடுக்கப்படாது, குனிஞ்சு அந்த எடத்துல வைக்கணும். சிக்னலை டெசிபல்ல காட்டுத செயலி இருந்தா இன்னும் நல்லது. கழித்தல் 50னா ராஜா வீடு. கழித்தல் 67 வரைக்கும் நிம்மதி. 75க்குக் கீழ போச்சுன்னா அங்க 5 வேலைக்கு ஆவாது. ஒண்ணு மேசைய நகத்தணும், இல்ல ரூட்டர நகத்தணும். போனுக்கே கெடைக்காத சிக்னல், தகரத்துக்குப் பின்னால ஒளிஞ்சிருக்க குச்சிக்கு எங்க கெடைக்கும்?

இன்னும் ஒண்ணு. கோவிச்சுக்காதீரும். இந்த அடாப்டரே உமக்கு வேணுமா? ஆபீசுல இருந்து வந்த பொட்டின்னா பின்னால நெட்வொர்க் கேபிள் போடுத ஓட்டை நிச்சயமா இருக்கும், அதுவும் 1000 மெகாபிட் ஓட்டையா இருக்கும். ஓஎன்டி ஹால்ல, கம்ப்யூட்டர் அடுத்தாப்புல. கேட் 6 கேபிள் கொஞ்ச தூரம் இழுத்தா முடிஞ்சுது. டிரைவரும் வேண்டாம், கொம்பும் வேண்டாம், பாஸ்வேர்டும் வேண்டாம். 100 மீட்டர் வரைக்கும் ஒரு சொட்டு சிந்தாது. கம்பிக்காரன் கம்பியத்தான் சொல்லுவாம்பீரு. சொல்லும். என்ன, செவத்துல ஒரு துளை போடணும். புதுசாப் பெயிண்டு அடிச்ச செவத்துல துளைன்னதும் உம்ம மொகம் போற போக்கப் பாத்தா, அந்தச் செவத்துக்குச் சொந்தக்காரி யாருன்னு தெரியுது. சரி விடும், மேல போவோம்.

யூஎஸ்பில செருகுத குச்சியா, பொட்டியத் தெறந்து உள்ள மாட்டுத கார்டா? உம்ம 100 மெகாபிட்டுக்குக் குச்சி தாராளம். ஏசி 600 வாங்கினாலே 5 பாதையில 433ல ஒத்துக்கிடும், 100 வந்துரும். நாளைக்கு 300 பிளானுக்கு மாறுவேன்னா ஏசி 1200, 1300ன்னு ரெண்டு ஸ்ட்ரீம் உள்ளதா எடும், ஆனா யூஎஸ்பி 3.0 வாலோட வாரதாப் பாத்து எடும். 1200ன்னு நெத்தியில எழுதிக்கிட்டு யூஎஸ்பி 2.0ல வாரதும் கடையில இருக்கு. 2.0 வாசலே 480தான், நெசத்துல 300ஐத் தாண்டவே மூச்சு வாங்கும். கம்ப்யூட்டர்ல நீல நாக்கு உள்ள ஓட்டை தெரியுதுல்லா, அது பெரும்பாலும் 3.0.

அந்த நீல ஓட்டையிலயும் ஒரு வில்லங்கம் உண்டு. யூஎஸ்பி 3.0 ஓடும்போது 2.4 பாதையில இரைச்சல் போடும்னு 2012ல இன்டெல் கம்பெனிக்காரனே காயிதம் எழுதி ஒத்துக்கிட்டான். நீல ஓட்டையில ஹார்ட் டிஸ்கு ஒண்ணு, அதை ஒட்டி அடாப்டர் ஒண்ணுன்னு செருகுவீரு. படம் காப்பி ஆகுத நேரம் பூரா வைஃபை தள்ளாடும். நீரு காத்து கருப்புன்னு நெனைச்சு எலுமிச்சம்பழம் சுத்துவீரு. அதுக்கெல்லாம் போவாண்டாம். நல்லதா ஒரு யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி, அடாப்டர மேசைக்கு மேல, மானிட்டர் பக்கத்துல கொண்டாந்து வையும். இரைச்சலும் போச்சு, தகரத்துக்குப் பின்னால ஒளியுத கதையும் போச்சு. சில பொட்டியில, அடாப்டரை உக்கார வைக்க ஒரு தொட்டிலோட அந்த கேபிளையும் சேத்தே வச்சிருப்பான். நீரு ‘என்னமோ இரும்பு’ன்னு தூரப் போட்டிராதீரும்.

உள்ள மாட்டுத கார்டுதான் வேணும், சிபியு பக்கத்துல தொங்குத சாமான் கண்ணுக்குப் பிடிக்கலன்னா, மொதல்ல உம்ம பொட்டியோட இடுப்பை அளந்து பாரும். அது ஒல்லிப் பொட்டி. சாதாரண கார்டோட தகடு அதுல நுழையாது. அரை உயரத் தகடு வேணும். நல்ல கம்பெனிக்காரன் ரெண்டு தகடும் போட்டுத் தருவான், மத்தவன் தரமாட்டான். படத்தைப் பாத்தா வாங்கிருவீரு, வந்த பொறவு ரம்பத்தை எடுத்துத் தகடை அறுக்க ஒக்காந்துருவீரு, எனக்குத் தெரியும் உம்ம வேலை.

எம்.2ன்னு ஒரு சின்ன கார்டு உண்டு, லேப்டாப்புல வாரது. அதை வாங்கணும்னா நம்பரைப் பாத்து வாங்கணும். இன்டெல்ல ஏஎக்ஸ் 200, 210னு முடிஞ்சா வைஃபைக்குன்னே எம்.2 வாசல் உள்ள பொட்டியில பொதுவாப் போடலாம். ஏஎக்ஸ் 201, 211னு முடிஞ்சா அது தனிச் சாதி. அதுக்குப் பாதி மூளை இன்டெல் சிப்செட்டுக்குள்ள இருக்கு, அதைத் தாங்குத இன்டெல் போர்டுல மட்டும்தான் உயிர் வரும். வெலை கொறஞ்சிருக்கேன்னு 201ஐத் தூக்கிட்டு வந்து, பழைய பொட்டியில போட்டு, ‘சவத்த, கார்டு செத்துப் போச்சு’ன்னு ஒப்பாரி வைக்கவன் நெறைய.

‘வைஃபை 7 வந்துட்டே மாமா, எதுக்கு பழசை வாங்கணும்?’ கேப்பீருன்னு எதிர்பாத்தேன். உம்ம பொட்டியில ஓடுதது விண்டோஸ் 10. அதுக்கு மைக்ரோசாஃப்ட்காரன் 2025 அக்டோபர் 14ந்தேதியோட வழக்கமான ஆதரவை நிறுத்திட்டான். இன்டெல்ல எட்டாந்தலைமுறைக்கு முந்துன பொட்டின்னா 11க்கும் பெரும்பாலும் தகுதி குடுக்க மாட்டான். வைஃபை 6ஈ, 7னு சொல்லி விக்கதுல பெரிய கவர்ச்சி 6 கிகாஹெர்ட்ஸ்னு மூணாவதா ஒரு பாதை. அது விண்டோஸ் 11லதான் தெறக்கும். வைஃபை 7க்கு 11லயும் 24எச்2 வரணும். இந்தியாவுல அந்தப் பட்டையில ஒரு பாதிய லைசென்ஸ் இல்லாம விடதுக்கு வரைவு விதியே 2025 மே மாசந்தான் வந்துச்சு. உம்ம ஓஎன்டி பொட்டிக்கு 6 பாதைன்னா என்னன்னே தெரியாது. அப்ப 7 வாங்கி யாருகிட்டப் பேசப் போறீரு? வைஃபை 5னு இப்பச் சொல்லுத ஏசியே உமக்குக் காணும். செத்த கூடக் குடுத்து வைஃபை 6, அதான் அந்த ஏஎக்ஸ், வாங்கினா தப்பில்ல, நாளைக்கு ரூட்டர் மாறினா ஒதவும். அதுக்கு மேல குடுக்க ரூவாய உங்க அம்மை கையில குடும்.

பேரே இல்லாத பொட்டியில, கொம்பு மட்டும் பெருசா, பாதி வெலைக்கு வந்தா தொடாதீரும். வெளிய 1300ன்னு எழுதியிருக்கும். உள்ள உடைச்சுப் பாத்தா நம்ம நகத்தளவுக் குச்சியோட சில்லு சிரிச்சுக்கிட்டு உக்காந்திருக்கும். நம்ம நாட்டுல வயர்லெஸ் சாமான் விக்கணும்னா டபிள்யூ.பி.சி.ங்க சர்க்கார் பிரிவுகிட்ட ஈ.டி.ஏ. ஒப்புதல் வாங்கணும், அந்த நம்பர் பொட்டியிலயோ சீட்டுலயோ இருக்கான்னு பாரும். நல்ல கம்பெனிச் சரக்குலயும் ஒரு சூட்சுமம் இருக்கு. ஒரே மாடல் பேருல வி1, வி2, வி3ன்னு வரும். மேல தோல் ஒண்ணு, உள்ள சில்லு வேற வேற. வி1க்கு உள்ள டிரைவரை வி3ல போட்டா ஏறாது. மவ லினக்ஸ் போடணும்னு சொன்னான்னா, சில்லு பேரைக் கேட்டுட்டுத்தான் காசை எடுக்கணும். மீடியாடெக் எம்டி 7612யு, எம்டி 7921 மாதிரி சில்லுன்னா கெர்னல்லயே டிரைவர் இருக்கு, செருகுனா ஓடும். ரியல்டெக்ல சிலது செருகுனா முழிக்கும். பொறவு ராத்திரி பூரா கறுப்புத் திரையில வெள்ளெழுத்துத் தட்டிக்கிட்டு இருக்கணும். பிள்ளைக்குப் பரீட்சை வருது, வேண்டாம்.

வாங்கியாச்சு. பிரிச்சாச்சு. உள்ள சின்னதா ஒரு சிடி இருக்கும், அதை நம்பாதீரும், உம்ம பொட்டியில சிடி போடுத வாசலே இருக்கான்னு மொதல்ல பாரும். இருந்தாலும் அந்த சிடியில உள்ளது பழைய டிரைவரு. சீட்டுல ‘எங்க இணையதளத்துல இருந்து டிரைவரை இறக்கிக் கொள்ளவும்’னு எழுதியிருக்கும். நெட்டு வரதுக்கு டிரைவர் வேணும், டிரைவர் வரதுக்கு நெட்டு வேணும். எழுதுனவன் உமக்குச் சொந்தக்காரனா இருப்பானோ என்னமோ.

இதுக்கு வழி உம்ம சட்டைப் பையில கெடக்கு. ஆண்ட்ராய்டு போனை அது சார்ஜ் போடுத கேபிளாலயே கம்ப்யூட்டர்ல செருகி, போன் செட்டிங்ஸ்ல யூஎஸ்பி டெதரிங்க ஆன் பண்ணும். கம்ப்யூட்டர் அதைக் கேபிள் நெட்டுன்னே நெனைச்சுக்கிடும். போன் வீட்டு வைஃபையில இருந்தா, பெரும்பாலான போன்ல அந்த வைஃபையே கேபிள் வழியா இறங்கி வந்துரும், உம்ம சிம் டேட்டாவும் கொறையாது. ஆமா மருமவனே, சரியாத்தான் புரிஞ்சிருக்கு: உடைஞ்ச திரையோட மேசை டிராயர்ல ஒரு பழைய போன் கெடக்குல்லா, அதுவே ஒரு வைஃபை அடாப்டர்தான். ஆர்டர் வந்து சேருத வரைக்கும் பிள்ளை அதுல படிக்கட்டும். அதுவே போதும்னு அவ சொல்லிட்டான்னா, ஆர்டரை ரத்து பண்ணிட்டு என்கிட்டச் சொல்லும், நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்.

நெட்டு வந்த பொறவு அடாப்டரைச் செருகும். விண்டோஸ் அப்டேட் பல நேரம் தானாவே டிரைவரைக் கொண்டாந்துரும். வரலன்னா கம்பெனித் தளத்துக்குப் போயி, மாடலோட அந்த வி நம்பரையும் பாத்து எடும். ‘உங்க டிரைவர் எல்லாம் பழசாயிட்டு, இதை அமுக்குங்க’ன்னு செவப்பா வந்து மெரட்டுத தளத்துல கால் வைக்கப்படாது. சில குச்சி செருகுனதும் சிடி டிரைவ் வந்துருக்குன்னு காட்டும். பயப்படாதீரும், டிரைவரைத் தன் வயித்துக்குள்ளயே வச்சுக்கிட்டு வேஷம் போடுது. அதைத் தெறந்து உள்ள இருக்க செட்டப்ப ஓட்டுனா வேஷத்தைக் கலைச்சுட்டு அடாப்டரா மாறிரும்.

கார்டு போடுதவனுக்கு மட்டும் இது. சுவிட்சை அணைச்சாப் பத்தாது, பவர் கார்டையே உருவும். உருவிட்டுப் பவர் பட்டனைச் செத்த அமுக்கிப் பிடியும், உள்ள தங்கியிருக்க கரண்டு வடியட்டும். மூடியக் கழத்தி, பொட்டியோட தகரத்தைக் கையால ஒரு தடவ தொடும்; உம்ம ஒடம்புல உள்ள நிலைமின்சாரம் அதுல எறங்கட்டும். பாலியஸ்டர் சட்டையக் கழத்திட்டு உக்காந்தா இன்னும் நல்லது, அத்தை ஒண்ணும் சொல்ல மாட்டா. குட்டியா ஒரு ஸ்லாட் தெரியும், பிசிஐஇ எக்ஸ்1. அது இல்லன்னா நீள ஸ்லாட்லயும் இந்தக் கார்டு உக்காரும். அதுக்கு நேரா முதுகுல உள்ள மூடித் தகட்டை எடுத்துட்டு, கார்டோட தங்கப் பல்லு வரிசையில உள்ள வெட்டை ஸ்லாட் மேட்டுக்கு நேராப் பிடிச்சு, ரெண்டு முனையையும் சமமா அமுக்கும். ஒரு பக்கம் மட்டும் ஏறி நிக்கப்படாது. ஸ்க்ரூ போட மறந்துராதீரும். புளூடூத்தும் வேணும்னா கார்டுல இருந்து ஒரு சின்ன வயரு, ஒம்பது ஊசி உள்ள யூஎஸ்பி தலையில போவணும். பத்தாவது ஊசி இருக்க வேண்டிய எடம் மொட்டையா இருக்கும், அதை வச்சுத் திசை பாத்துக்கிடும். இந்த வயரைப் போடாம ‘வைஃபை வருது, புளூடூத்து வரல, கம்பெனி ஏமாத்திட்டான்’னு ஏசுதவன் நெறைய. கொம்பைக் கையால திருகுனாப் போதும், குறடு எடுக்காதீரும். வயரோட தனியா மேசையில வைக்க கொம்பு வருதுன்னா அதைத்தான் வாங்கணும், உம்ம மாடிப்படிப் பொந்துக்கு.

எல்லாம் போட்டும் உம்ம வீட்டுப் பேரு பட்டியல்ல வரலன்னா, மொதல்ல ஏரோபிளேன் மோடு அணைஞ்சிருக்கான்னு பாரும். மத்தவன் வீடெல்லாம் வந்து உம்ம வீடு மட்டும் வரல, இல்ல வந்தும் ஒட்டலன்னா, ரூட்டர்ல டபிள்யூபிஏ3 மட்டும்னு வச்சிருக்கலாம். அதை 2ம் 3ம் கலந்ததா மாத்தும். 5 பேரு மட்டும் வரல, 2.4 வருதுன்னா, ரூட்டர்ல 5க்கு உள்ள சேனலை 36ல இருந்து 48க்குள்ள ஒண்ணா வையும். ரேடார்காரனோட பங்கு போடுத நடுச் சேனல்களைச் சில அடாப்டர் கண்டுக்கிடாது. ரெண்டுக்கும் ஒரே பேருன்னா கம்ப்யூட்டர் சோம்பேறித்தனமா 2.4லயே தொங்கும், டிவைஸ் மேனேஜர்ல அடாப்டரைத் தெறந்து, அட்வான்ஸ்டு பக்கத்துல விரும்புத பேண்டை 5ன்னு வச்சுட்டா வழிக்கு வரும். அங்கனயே பவர் மேனேஜ்மெண்ட் பக்கத்துல, மின்சாரம் மிச்சம் பிடிக்க இந்தச் சாமானை அணைச்சுக்கிடலாம்னு ஒரு டிக் இருந்தா, அதை எடுத்துரும். பிள்ளை சாப்பிடப் போயிட்டு வாரதுக்குள்ள வைஃபை தூங்கிப் போவதுக்குக் காரணம் பல நேரம் அந்த டிக்தான்.

பொறவு செட்டிங்ஸ்ல அந்த வைஃபையோட விவரத்தைப் பாரும், ஒத்துக்கிட்ட வேகம் 433ன்னோ 867ன்னோ காட்டுதா? ஸ்பீடு டெஸ்டுல 100க்குப் பக்கம் வருதா? வந்தா வேலை முடிஞ்சுது. அதுக்குப் பொறவும் மாசத்துல முதல் இருவது நாள் பறந்துட்டு, கடைசிப் பத்து நாள் மட்டும் பாடம் சுத்திக்கிட்டே நிக்குதுன்னா, அது அடாப்டர் இல்ல. உம்ம பிளான்ல உள்ள டேட்டா அளவு தீந்து, கம்பெனிக்காரன் வேகத்தைக் கொறைச்சுட்டான். யாரு அவ்வளவையும் தின்னதுன்னு தெரியணும்னா, சில ரூட்டர்ல உள்ள போனா எந்த போன் எவ்வளவு இழுத்துச்சுன்னு பேரோட வரிசையாக் காட்டும். மேல நிக்க பேரு யாரோடதுன்னு மாமாவுக்கு ஒரு ஊகம் இருக்கு. வீட்டுல பொஞ்சாதி பிள்ளை இல்லாத நேரமாத் தெறந்து பாரும். இந்தா, காப்பி ஆறுது.